பதில் எல்லாம் சரி, வேலை மட்டும் கிடைக்கவில்லை

தொடர்ந்து மூன்று இடங்களில் நேர்காணலின் கடைசிச் சுற்று வரை போய்த் திரும்பினேன். கேட்டதற்கெல்லாம் சரியாகவே பதில் சொல்லியிருந்ததால் காரணம் பிடிபடவே இல்லை. மூன்றாவது இடத்தில் தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர்தான் மறைக்காமல் சொன்னார், "உங்களுக்கு விஷயம் தெரியும், ஆனால் தினமும் உங்களோடு சேர்ந்து வேலை செய்வது கஷ்டம் என்று தோன்றிவிட்டது." அன்று ரொம்பக் கோபம் வந்தது.

அப்புறம் ஒரு நண்பரை மாதிரி நேர்காணல் எடுக்கச் சொல்லி மொபைலில் பதிவு செய்து பார்த்தேன். அவர் கேள்வியை முடிப்பதற்குள் நான் பதிலுக்குப் பாய்ந்திருந்தேன், கிட்டத்தட்ட ஒவ்வொரு கேள்விக்கும். பழைய வேலையைப் பற்றிப் பேசும்போது எல்லாமே "நான் செய்தேன்"தான், கூட உழைத்தவர்கள் ஒருவர்கூட அதில் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் சுற்றி வளைத்ததுதான் பார்க்கவே சங்கடமாக இருந்தது. நீங்களும் இப்படி ஒருமுறை பதிவு செய்து பாருங்கள், இதைவிடப் பயன்பட்ட பயிற்சி எனக்கு வேறு இல்லை.

ஒரு குணம் பிடித்துவிட்டால் மற்றவற்றுக்கும் மதிப்பெண் ஏறிவிடும் என்பதை 1920-லேயே தார்ன்டைக் என்ற உளவியலாளர் இராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழ் இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை வைத்துக் காட்டினார். ஒளிவட்ட விளைவு என்பார்கள். எனக்கு அது தலைகீழாக நடந்திருக்கிறது.

ஆனால் எல்லா நிராகரிப்பும் நம் தவறு கிடையாது. லாரன் ரிவேரா என்ற சமூகவியலாளர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் பெரிய வங்கி, சட்ட, ஆலோசனை நிறுவனங்களில் நேர்காணல் எடுப்பவர்கள் பொழுதுபோக்கிலும் பழக்கவழக்கத்திலும் தங்களைப் போன்றவர்களையே விரும்பியது தெரியவந்தது. இது அநியாயம், இதற்காக வேறு ஆளாக நடிக்காதீர்கள். மாற்ற வேண்டியது குறுக்கே பேசுவது மாதிரியான பழக்கங்களைத்தான்.

இன்னொன்று, கேள்விகளைத் தாளைப் பார்த்துப் படித்து ஒவ்வொரு பதிலுக்கும் குறிப்பெடுக்கிறார்கள் என்றால் அநேகமாக அது எல்லோருக்கும் ஒரே கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் முறை. அங்கே கலகலப்பாகப் பேசுவதைவிட, என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்று உதாரணத்தோடு சொல்வதுதான் எடுபடும்.

நான்காவது நேர்காணலில் ஒரு கேள்விக்கு, "இது எனக்குத் தெரியாது, கண்டுபிடிக்கச் சொன்னால் இங்கிருந்து தொடங்குவேன்" என்றேன். குழுவில் ஒருவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார், பத்து நிமிடம் அதையே பேசிக்கொண்டிருந்தோம். இப்போது அவரோடுதான் வேலை செய்கிறேன்.