பதினோரு சாவிகள்

பன்னிரண்டு வருடமாக நாடகம் இயக்குகிறேன். எப்போதும் முதல் நாள் ஒத்திகைக்குப் போகும்போது கையில் பிரதி இருக்கும். யார் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும், எந்த வரியில் எழுந்திருக்க வேண்டும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருப்பேன். போன வருடம் ஆறு நடிகர்கள் முன்னால் பிரதி இல்லாமல் போய் உட்கார்ந்தேன். கையில் இருந்தது ஒரு சாவிக்கொத்து மட்டும்தான்.

வீட்டு இழுப்பறையில் பல வருடங்களாகக் கிடந்த கொத்து அது. பதினோரு சாவிகள். எது எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

இந்த முயற்சிக்குக் காரணம் ஒரு கேள்வி. முந்தைய நாடகம் முடிந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் குழுவின் இளைய நடிகை கேட்டாள்: “அக்கா, எப்பவாவது எங்களைக் கேட்டு ஒரு நாடகம் பண்ணுவீங்களா?” சிரித்து மழுப்பினேன். ஆனால் கேள்வி போகவில்லை.

டிவைஸ்டு தியேட்டர் என்று இதற்குப் பெயர். கூட்டுப் படைப்பு என்று நான் சொல்லிக்கொள்கிறேன். பிரதியை எடுத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போவதற்குப் பதிலாக, ஒத்திகையிலிருந்து பிரதியை எடுத்துக்கொண்டு வெளியே வருவது. எழுத்தாளரே கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு விதியும் இல்லை. 1974ல் லண்டனில் தொடங்கிய ஜாயின்ட் ஸ்டாக் குழுவில் எழுத்தாளர் சில வாரம் நடிகர்களோடு பட்டறையில் இருப்பார், பிறகு தனியாகப் போய் எழுதுவார், எழுதியதைக் கொண்டுவந்த பிறகு ஒத்திகை தொடங்கும். எங்களிடம் எழுத்தாளர் இல்லை. எட்டு வாரமும் ஒரு கூடமும் இருந்தன.

முதல் நாள் சாவிக்கொத்தை நடுவில் வைத்து, “இதை வைத்து ஏதாவது செய்யுங்கள்” என்றேன். ஆறு பேரும் இல்லாத ஒரு கதவைத் திறந்தார்கள். ஒருவர் மெதுவாகத் திறந்தார், ஒருவர் பயந்துகொண்டு திறந்தார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. அன்று இரவு எனக்குக் கொஞ்சம் உதறல் எடுத்தது.

தப்பு அவர்களுடையது இல்லை. “ஏதாவது” என்று கேட்டால் முதலில் தோன்றுவதுதான் வரும். ஜெர்மன் நடன இயக்குநர் பீனா பாஷ் 1978ல் அந்நாட்டின் போஹும் நகரில் நடிகர்களும் நடனக்காரர்களும் கலந்த ஒரு குழுவோடு வேலை செய்தபோது, அசைவுகளைச் சொல்லித் தராமல் கேள்விகள் கேட்க ஆரம்பித்தார். பதில் பேச்சாகவும் வரலாம், உடம்பாகவும் வரலாம். அதன் பிறகு அதுவே அவருடைய முறையாகிவிட்டது. கிடைத்த பதில்களில் பெரும்பாலானவற்றை அவர் பயன்படுத்தவே மாட்டார். படித்த விஷயம்தான். ஆனால் எப்படிக் கேட்பது என்று யோசித்ததே இல்லை.

மறுநாள் கேள்வியை மாற்றினேன். “உங்களிடம் இருந்த ஒரு சாவியைக் கடைசியாக எப்போது திருப்பிக் கொடுத்தீர்கள்? அதைக் காட்டுங்கள். பேசக் கூடாது, இரண்டு நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. தயாராக இருபது நிமிஷம்.”

இளைய நடிகை சாவியைத் தரையில் வைத்தாள். பிறகு முட்டிபோட்டுப் பின்னாலேயே நகர்ந்து, ஒரு துணியால் தரையைத் துடைத்துக்கொண்டே கூடத்தின் வாசல் வரை போனாள். வாசலில் நின்றாள். திரும்பி வந்தாள். துடைத்த தரையில் கால் படாமல் ஓரமாக நடந்து வந்து, சாவியின் பற்கள் வேறு பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. ‘ஈரத்தரை’ என்று அந்தச் சின்ன நாடகத் துண்டுக்கு அங்கேயே பெயர் வைத்தோம்.

பெயர் வைப்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். மூன்றாவது வாரத்தில் முப்பது துண்டுகள் சேர்ந்த பிறகு, “அந்த... நீ குனிந்து... அவர் பின்னால் நின்றாரே...” என்று பேசிக்கொண்டிருந்தால் நேரம் அதிலேயே போய்விடும். பெயர் இருந்தால் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். இடம் மாற்றலாம். கிழித்தும் போடலாம்.

இன்னொரு பழக்கத்தை டெக்டானிக் தியேட்டர் ப்ராஜெக்ட் என்ற நியூயார்க் குழுவிடமிருந்து எடுத்துக்கொண்டோம். 1991ல் மொய்சஸ் காஃப்மனும் ஜெஃப்ரி லஹோஸ்ட்டும் தொடங்கிய குழு அது. அவர்கள் ஒரு துண்டைக் காட்டுவதற்கு முன் “ஆரம்பிக்கிறோம்” என்றும் முடிந்ததும் “முடிக்கிறோம்” என்றும் சொல்வார்கள். நாங்களும் சொன்னோம். விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் நடப்பதை மட்டும்தான் பார்க்க வேண்டும், அதன் முன்னும் பின்னும் யாரும் விளக்கம் கொடுக்கக் கூடாது என்று ஆனதும், எங்கள் பேச்சு பாதியாகக் குறைந்துவிட்டது. நாடகக்காரர்கள் சேர்ந்தால் பேசியே நாடகத்தை முடித்துவிடுவார்கள். வாயால் சொல்லும்போது எல்லா யோசனையும் அழகாகத்தான் இருக்கிறது. காட்டச் சொன்னால்தான் எது நிற்கிறது என்று தெரிகிறது.

நேரத்தையும் இடத்தையும் உடம்பால் கவனிக்கப் பழக்கும் வ்யூபாயின்ட்ஸ் பயிற்சியையும் தினமும் அரை மணி நேரம் செய்தோம். அமெரிக்க நடன அமைப்பாளர் மேரி ஓவர்லி ஆறு கூறுகளாகத் தொடங்கியதை நாடக இயக்குநர்கள் ஆன் போகார்ட்டும் டீனா லாண்டாவும் விரித்து, உடம்புக்கு மட்டும் ஒன்பது கூறுகள் ஆக்கினார்கள்: வேகம், கால அளவு, திரும்பச் செய்தல், ஒருவருக்கொருவர் உள்ள தூரம் என்று போகும். தரையில் கட்டம் கற்பனை செய்துகொண்டு நேர்கோட்டில் நடப்பார்கள், நிற்பார்கள், திரும்புவார்கள். உண்மையைச் சொன்னால், முதல் வாரம் எனக்குக் கொட்டாவி வந்தது. மூன்றாவது வாரத்தில்தான் புரிந்தது. “இன்னும் உணர்ச்சியோடு செய்” என்று சொல்வதை நான் அறியாமலே விட்டுவிட்டிருந்தேன். “வேகத்தைப் பாதியாக்கு, தூரத்தை இரண்டு மடங்காக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதை ஒரு நடிகர் உடனே செய்து பார்க்க முடியும். சில நேரம் உணர்ச்சி தானாக வந்து சேர்ந்தது, சில நேரம் வரவில்லை.

அப்புறம் ஒரு பெரிய பள்ளம். இம்ப்ரவைசேஷனில், அதாவது அந்த நொடியில் தோன்றியதை நடித்துப் பார்ப்பதில், அருமையாக வந்த காட்சிகள் மறுநாள் செத்துப்போயின. நான் போனில் எடுத்த வீடியோவைப் பார்த்துப் பார்த்து அப்படியே திரும்பச் செய்ய முயன்றார்கள். கை அதே இடத்தில் உயர்ந்தது, அதே சொல் வந்தது. ஆனால் தன்னையே மிமிக்ரி செய்யும் ஆளைப் பார்ப்பது போல இருந்தது. வீடியோ போடுவதை நிறுத்தினேன். காட்சி முடிந்த கையோடு நடிகரிடமே கேட்டேன்: அப்போது எதிராளியிடமிருந்து உனக்கு என்ன வேண்டியிருந்தது? எந்த நொடியில் அது மாறியது? எதைப் பார்த்து முடித்தாய்? இந்தப் பதில்களை மட்டும் எழுதி வைத்தோம். மறுநாள் சொற்கள் வேறாக வந்தன, காட்சி பிழைத்தது. சொற்களை ஐந்தாறு முறை ஓட்டிய பிறகே உறுதி செய்தோம்.

இனி எழுதப் போவதை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

நான்காவது வாரம் பயம் பிடித்தது. நாற்பது துண்டுகள் இருந்தன, நாடகம் இல்லை. ஒரு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்து பதினான்கு பக்கம் எழுதினேன். ஒரு வீடு, ஒரு வாரிசுத் தகராறு, கடைசியில் திறக்கும் ஒரு பெட்டி. அதை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து நான் கேட்ட கேள்விகள் எல்லாம் அந்தப் பதினான்கு பக்கத்தை நோக்கியே இருந்தன. அவர்கள் வேறு பக்கம் போனால், “இல்லை, இன்னொரு தடவை” என்றேன். என் பக்கத்துக்கு வந்தால், “ஆங், இது நன்றாக இருக்கிறது.”

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள் அந்த இளைய நடிகை. நான்காம் நாள் துணியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள்: “அக்கா, விடை உங்ககிட்டயே இருக்குன்னா எங்களை எதுக்குக் கேக்கறீங்க? நேரா சொல்லிடுங்க, செஞ்சிட்டுப் போறோம்.”

கோபம்கூட இல்லை அவள் குரலில். அதுதான் சுட்டது. மறுநாள் பதினான்கு பக்கத்தையும் தரையில் பரப்பி வைத்து, படிக்கச் சொன்னேன். படித்தார்கள். மூத்த நடிகர் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டார். மற்றதை நானே மடித்துப் பைக்குள் வைத்தேன்.

வெட்கத்தில் நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். ஐந்தாவது வாரம் முழுக்க எல்லாவற்றுக்கும் எல்லாரிடமும் கேட்டேன். ஒரு விளக்கு எரிய வேண்டுமா, அணைய வேண்டுமா என்று நாற்பது நிமிஷம் விவாதித்தோம். யாருக்கும் வருத்தம் இல்லாத முடிவுகள் எடுத்தோம்; மேடையில் அவை யாருக்கும் பிடிக்கவில்லை. பிரான்ஸின் தியேட்டர் து சொலேய் நாடகக் குழு 1964ல் கூட்டுறவாகத் தொடங்கப்பட்டது, அங்கே எல்லாருக்கும் ஒரே சம்பளம்; ஆனாலும் எதிரே உட்கார்ந்து பார்த்து இயக்குபவர் அரியான் ம்னூஷ்கின்தான். கூட்டாகச் செய்கிறோம் என்பதற்காக வெளியே உட்கார்ந்து பார்க்கும் ஒரு ஜோடிக் கண்ணை இழக்க வேண்டியதில்லை. நடிப்பவர்களுக்குத் தாங்கள் நிற்கும் படம் தெரியாது.

ஆறாவது திங்கட்கிழமையை எல்லைக் கோடாக வைத்துக்கொண்டோம். அதுவரை யார் எதைச் சொன்னாலும் செய்து பார்ப்போம், “வேண்டாம்” என்று யாரும் சொல்ல முடியாது, நான் உட்பட. அதற்கு மேல் வரிசையும் வெட்டும் என் பொறுப்பு. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். பாதி மனக்கசப்பு வராமலே போயிருக்கும்.

அன்று சுவரில் அறுபத்து மூன்று அட்டைகள். கடைசியில் மிஞ்சியவை பதினேழு. எந்த வரிசை என்று இரண்டு நாள் தடுமாறினேன். கதையாகக் கோக்கப் பார்த்தால் நான் மடித்து வைத்த வாரிசுத் தகராறே திரும்பி வந்தது. மூன்றாம் நாள் ஒருவர் சும்மா கேட்டார், “இந்த இடத்தில் கொத்து யார் கையில் இருக்கிறது?” அந்தக் கேள்வியை எல்லா அட்டைகளிடமும் கேட்டோம். கொத்து கைமாறும் வழியே நாடகத்தின் வழியாகிவிட்டது. யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் அந்த வீட்டில் நடக்கும்.

வெட்டியதில் பூட்டு ரிப்பேர் காட்சியும் ஒன்று. மூத்த நடிகருடையது. ஒத்திகையில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த காட்சி. அது வேறொரு நாடகத்தின் காட்சி என்று எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எழுத்தாளரின் காட்சியை வெட்டினால் எழுத்தாளருக்குத்தான் வலிக்கும். இங்கே எதை வெட்டினாலும் எதிரே நிற்பவரின் சதைதான்.

இன்னும் பெரிய சிக்கல் ஏழாவது வாரம் வந்தது. ஒரு நடிகை தன் அக்காவைப் பற்றிய உண்மைச் சம்பவத்தை இரண்டாவது வாரமே கொடுத்திருந்தாள். நாடகத்தின் முதுகெலும்பே அதுதான். ஒரு நாள் ஓரமாக வந்து, “அதை எடுத்துடலாமா?” என்றாள். காரணம் கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. எடுத்தோம். சம்பவம் போய்விட்டது, அதில் இருந்த ஒரு சைகையை, சாவியை உள்ளங்கையில் அழுத்தித் தடம் பார்ப்பதை, அவள் சம்மதத்தோடு வேறொருவர் செய்தார். அடுத்த முறை முதல் நாளே சொல்லிவிடுவேன்: உன் வாழ்க்கையிலிருந்து கொடுத்ததை அரங்கேற்றத்து அன்று காலை வரைக்கும் காரணம் சொல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

அரங்கேற்றத்துக்கு இரண்டு வாரம் முன்னால் பன்னிரண்டு பேரை அழைத்துக் காட்டினோம். “எப்படி இருந்தது?” என்று கேட்டால் மரியாதைதான் கிடைக்கும். அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990ல் உருவாக்கிய ஒரு கருத்துக் கேட்கும் முறை இருக்கிறது. பார்த்தவர்கள் முதலில் எது மனதில் நின்றது என்று மட்டும் சொல்வார்கள். அடுத்துப் படைத்தவர்கள் தங்கள் கேள்விகளைக் கேட்பார்கள். பிறகு பார்த்தவர்கள் அபிப்பிராயம் கலக்காமல் கேள்வி கேட்பார்கள். விமர்சனம் கடைசியில், அதுவும் அனுமதி கேட்டு. நாங்கள் முதல் இரண்டு படியோடு நிறுத்திக்கொண்டோம். அதுவே போதுமான அடியாக இருந்தது. எட்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: சாவி எந்தப் பூட்டுக்கு என்று கடைசியில் தெரியும் என்று காத்துக்கொண்டே இருந்தார்களாம். எங்களுக்கு அது தோன்றவே இல்லை, இத்தனை வாரமாக அது பூட்டு இல்லாத கொத்து என்று தெரிந்தே வாழ்ந்துகொண்டிருந்தோம். மூன்றாவது நிமிஷத்தில் ஒருவர் கொத்தைத் தூக்கிப் பார்த்து, “இதுல ஒண்ணுக்கும் பூட்டு இல்ல” என்று சொல்லும்படி மாற்றினோம். அந்த ஒரு வரிக்குப் பிறகு மக்கள் கையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அது நான் எழுதிய பதினான்கு பக்கத்திலிருந்து மூத்த நடிகர் எடுத்துக்கொண்ட வரிதான்.

பிரதி என்று ஒன்று தட்டச்சு ஆனது அரங்கேற்றத்துக்கு ஐந்து நாள் முன்னால். இருபத்திரண்டு பக்கம். அதன் முகப்பில் ‘உருவாக்கம்’ என்று போட்டு ஏழு பேர் பெயரும் அகர வரிசையில். ‘இயக்கம்’ என்று தனியாக என் பெயர். நாளை வேறு யாராவது இதைப் போட அனுமதி கேட்டால் ஏழு பேரும் சம்மதிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

நான்கு காட்சிகள் நடந்தன. மூன்றாவது நாள், அடுத்த காட்சிக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது கொத்தை எண்ணினால் பத்துதான் இருந்தது. மேடைப் பலகைகளுக்கு இடையில் எங்கோ விழுந்திருக்க வேண்டும். பதினோரு சாவியையும் ஒவ்வொன்றாக எண்ணும் ஒரு துண்டு நாடகத்தில் இருக்கிறது, எண்ணிக்கை தப்ப முடியாது. தேடிப் பார்க்க நேரமில்லை. என் வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி அவர்களிடம் கொடுத்தேன். அன்றைக்குக் காட்சி பிரமாதமாக நடந்தது. இரவு பன்னிரண்டு மணிக்கு என் வீட்டுக் கதவு முன்னால் வந்து நின்று பைக்குள் கை விட்டபோதுதான், கொடுத்தது எது என்று புரிந்தது.