எட்டுக் கால் சிப்பும் இரண்டு பேக்கப்பும்

அக்கா வீட்டு ரவுட்டர் போன வாரம் என் மேசைக்கு வந்தது. ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டரை இயக்கும் மென்பொருளின் அப்டேட் பாதி ஓடும்போது கரண்ட் போயிருக்கிறது. அதன்பிறகு பவர் விளக்கைத் தவிர எதுவும் எரியவில்லை. ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்து டிஎஃப்டிபி வழியாக (நெட்வொர்க் கேபிளில் ஃபைல் அனுப்பும் எளிய முறை) ஃபைலை அனுப்பிப் பார்த்தேன், பதிலே இல்லை. அப்படியென்றால் ரவுட்டரை முதலில் எழுப்பும் சின்ன நிரலான பூட்லோடரே போய்விட்டது. சரி, மூடியைத் திறக்க வேண்டியதுதான்.

ஃபர்ம்வேர் இருப்பது ஃப்ளாஷ் சிப்பில். அதில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது. எழுதும்போது 1 என்பதை 0 ஆக்கலாம். திரும்ப 1 ஆக்க அந்தத் துண்டு முழுவதையும் அழித்தாக வேண்டும். அழித்து முடித்து எழுதத் தொடங்கும் இடைவெளியில் கரண்ட் போனால் அந்த இடம் காலி.

அக்கா ரவுட்டரில் இருந்தது எட்டுக் கால்கள் உள்ள 8 மெகாபைட் சிப். அடாப்டரைக் கழற்றிவிட்டு, சிப்பின் மூலையில் இருக்கும் சின்னப் புள்ளியைப் பார்த்து, கால்களைப் பிடித்துக்கொள்ளும் கிளிப்பை அதன் சிவப்பு வயர் அந்தப் பக்கம் வருமாறு மாட்டினேன். மறுமுனையில், கணினியிலிருந்து சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் சிஹெச்341ஏ புரோகிராமர். கறுப்புப் பலகையில் வரும் சிலவற்றில் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரும். இந்தச் சிப்புக்கு வேண்டியது 3.3. மல்டிமீட்டரில் அளக்காமல் நான் மாட்டுவதில்லை.

சிப்பைப் படித்து எழுதும் ஃப்ளாஷ்ரோம் என்ற மென்பொருளில் முதல் வேலை படிப்பது, அதுவும் இரண்டு முறை. இரண்டு ஃபைலுக்கும் ஷா256 (ஃபைலின் கைரேகை போன்ற எண்) போட்டால் ஒத்துப்போகவில்லை. கிளிப் ஒரு காலைச் சரியாகப் பிடிக்கவில்லை. கழற்றி அழுத்தி மாட்டியபின் மூன்றாவதும் நான்காவதும் ஒன்றாக வந்தன. அதன் பிறகுதான் மூச்சு வந்தது.

இவ்வளவு பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் வேறொரு ரவுட்டரில், பேக்கப் எடுக்காமல், அதே மாடலிலிருந்து யாரோ எடுத்த முழு ஃபைலை எழுதிவிட்டேன். உயிர் வந்தது. ஆனால் மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) வேறொருவருடையது, வைஃபை அடுத்த அறைக்கே எட்டவில்லை. ஒவ்வொரு ரவுட்டரின் ரேடியோவுக்கும் தனியாக அளந்து எழுதிய காலிபரேஷன் அளவுகள் அந்தச் சிப்புக்குள்தான் இருக்கும். எந்தத் தளத்திலும் அது டவுன்லோடுக்குக் கிடைக்காது. அந்த ரவுட்டரை நினைத்தால் இன்னும் வருத்தம்தான்.

அக்கா ரவுட்டரின் பேக்கப்பை, ஃபைலை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் தொடக்கம் முழுக்கக் காலி. காலிபரேஷன் இருக்கும் கடைசி 64 கிலோபைட் அப்படியே இருந்தது. மேக் முகவரி அடியில் ஒட்டிய ஸ்டிக்கரோடு பொருந்தியது. பூட்லோடரையும் சிஸ்டத்தையும் தயாரிப்பாளரின் ஃபைலிலிருந்து எடுத்து, அந்தக் கடைசித் துண்டை அதனதன் இடத்திலேயே விட்டு ஒட்டினேன். மொத்தம் சரியாக 8388608 பைட். ஒரு பைட் கூடினாலும் குறைந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

ஃப்ளாஷ்ரோம் எழுதி, தானே சரிபார்த்து முடித்தது. கிளிப்பை எடுத்து அடாப்டரைச் செருகினேன். விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன, அப்புறம் வைஃபை பெயரும் வந்தது. கொடுப்பதற்கு முன் சிப்பை இன்னொரு முறை முழுதாகப் படித்து, அந்த ஃபைலை ஒரு பென்டிரைவில் போட்டு ரவுட்டரோடு சேர்த்தே அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.