பாட்டு எப்படி இருந்தது என்று ஒரு வரி

எங்காவது ஆட்சி கவிழ்ந்தாலோ, போர் வெடித்தாலோ, சபாக்காரர்களுக்குள் அடிதடி என்றாலோ, தலைப்புச் செய்திகளைப் படித்து முடித்த கையோடு அந்த ஊர் இசை விமர்சகர்கள் அந்த வாரம் என்ன எழுதினார்கள் என்று தேட ஆரம்பித்துவிடுவேன். விநோதமான பழக்கம்தான். பாதி நேரம் ஒன்றும் கிடைக்காது, பத்திரிகை அந்தப் பக்கத்தையே தூக்கியிருக்கும். மீதி நேரம் கட்டுரை இருக்கும், அதற்குள் பாட்டு இருக்காது. யார் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார், யார் வாயே திறக்கவில்லை, யார் யாரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார், எல்லாம் விலாவாரியாக இருக்கும். சரி, அன்றைக்கு மேடையில் என்னதான் நடந்தது? அதை மட்டும் சொல்ல ஆள் இருக்காது.

2024 மார்ச்சில் பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி விருது என்று சென்னை மியூசிக் அகாடமி அறிவித்தபோது இதை நன்றாகவே பார்த்தோம். சிங்கப்பூரில் நாங்கள் சில ரசிகர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். சாதாரணமாகக் கச்சேரிக்குப் போனால் ஸ்டார்லைட் ரோட்டில் வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா என்ற கேள்வியைத் தாண்டாத குழு. ஒரே ராத்திரியில் அது பட்டிமன்றமாகிவிட்டது. ஒரு மாமா குழுவிலிருந்து வெளியேறினார், இன்னொரு மாமா அவரைத் திரும்பச் சேர்த்தார், அவர் மறுபடி வெளியேறினார். ரஞ்சனி காயத்ரி சகோதரிகள் அந்த டிசம்பர் சீசனில் அகாடமியில் பாட மாட்டோம் என்று விலகினார்கள், வேறு சிலரும் விலகினார்கள். கிருஷ்ணா பெரியாரைப் புகழ்ந்தது ஒரு தரப்புக்குக் குற்றம், இன்னொரு தரப்புக்கு அதுவே தகுதி. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பேரன் பாட்டியின் உயிலைக் காட்டி வழக்குப் போட்டார். சங்கீத கலாநிதியோடு சேர்த்துக் கொடுக்கும் எம்.எஸ். பெயரிலான விருதை கிருஷ்ணாவுக்குக் கொடுக்கக் கூடாது என்று நவம்பரில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தடை போட்டார், டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது, உடனே உச்ச நீதிமன்றம் அந்த விருது பெற்றவர் என்று அவர் தன்னைச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது.

இதையெல்லாம் ஒன்று விடாமல் படித்தேன். படித்ததில் அவருடைய குரல் இப்போது எப்படி இருக்கிறது, வழக்கமாக முதலில் பாடும் வர்ணத்தைக் கச்சேரியின் நடுவில் கொண்டுபோய் வைப்பதும், தாளவாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் இடத்தை மாற்றுவதும் கீழே உட்கார்ந்து கேட்கிறவரை என்ன செய்கிறது என்று எழுதியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாழ்த்தியவர்களுக்கும் அது தேவைப்படவில்லை, வைதவர்களுக்கும் தேவைப்படவில்லை.

இப்படிச் சொன்னால் உடனே ஒருவர் வருவார்: "அதானே, சங்கீதத்தில் எதுக்கு அரசியல்?" ஐயா, நான் அதைச் சொல்லவே இல்லை. நம் சங்கீத எழுத்து என்றைக்கு அரசியல் இல்லாமல் இருந்தது? ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கச்சேரிகளைப் போட்டுத் தாளித்த கல்கி, சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போய்விட்டு வந்தவர். 1941ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடித் தமிழ்ப் பாட்டுக்கு மேடை கேட்டபோது, அகாடமி வட்டாரம் முகம் சுளிக்க, இவர் தமிழிசைப் பக்கம் நின்று வரிந்துகட்டி எழுதினார். அதே 1941ல் அவர் சொந்தமாகப் பத்திரிகை தொடங்கினாரே, அதற்கு முதல் எங்கிருந்து வந்தது? எம்.எஸ். 'சாவித்திரி' படத்தில் நாரதர் வேஷம் போட்டு நடித்துச் சம்பாதித்த பணம். விமர்சகரின் பத்திரிகைக்குப் பாடகி முதல் போட்டிருக்கிறார்! இன்றைய ஊடக நெறி வகுப்பில் இதைச் சொன்னால் ஆசிரியர் மயங்கி விழுந்துவிடுவார். பிற்பாடு 2005ல் எம்.எஸ். பெயரில் அந்த ஒரு லட்ச ரூபாய் விருதை நிறுவியது தி இந்து. அகாடமியின் தலைவரும் அந்தப் பத்திரிகைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பத்திரிகையும் சபாவும் பாடகரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து காபி குடிக்கும் உலகம் இது, நேற்றும் அப்படித்தான். அதனால் தூய்மை வேஷமெல்லாம் வேண்டாம். ஆனால் கல்கியிடம் ஒன்று இருந்தது. எந்தக் கட்சி கட்டினாலும் அன்றைக்குப் பாட்டு நன்றாக இருந்ததா இல்லையா என்பதைச் சொல்லாமல் விடமாட்டார்.

இந்த ஒரு வரிக்கு என்ன மதிப்பு என்று நம்மைவிட சர்வாதிகாரிகளுக்கு நன்றாகத் தெரியும். 1936 ஜனவரியில் ஸ்டாலின் மாஸ்கோவில் ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஓப்பராவைப் பார்க்கப் போனார், பிடிக்கவில்லை. இரண்டு நாளில் கட்சிப் பத்திரிகையான பிராவ்தாவில் பெயர் போடாத கட்டுரை வந்தது, இது இசையே அல்ல, குழப்பம் என்று. அதுவரை இரண்டு வருஷமாகக் கூட்டம் அலைமோதிய ஓப்பரா அது. பாராட்டியிருந்த விமர்சகர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதே வருஷம் நவம்பரில் ஜெர்மனியில் ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் இன்னும் சுலபமான வழி கண்டுபிடித்தார். கலை விமர்சனத்தையே தடை செய்துவிட்டார். எழுதலாம், விவரிக்கலாம், நல்லது கெட்டது சொல்லக் கூடாது. அதாவது இன்று நம் நிகழ்ச்சி அறிவிப்புகள் இருக்கின்றனவே, "திரளான ரசிகர்கள் கண்டு களித்தனர்", அந்த நடை. கோயபல்ஸ் சட்டம் போட்டு வாங்கியதை நாம் யாரும் கேட்காமலே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நல்ல பக்கம் நிற்கிற இசையைப் பற்றி எழுதுவது இன்னும் கஷ்டம். ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனி 1942ல் மைக்ரோஃபிலிமாக டெஹ்ரான், கெய்ரோ வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. டைம் இதழ் அவரைத் தீயணைப்பு வீரர் தொப்பியோடு அட்டையில் போட்டது. ஜெர்மன் படையின் முற்றுகையில் கிடந்த லெனின்கிராடில் அந்த ஆகஸ்ட் 9 அன்று, பசியில் செத்தவர்கள் போக மிச்சமிருந்தவர்களையும் ராணுவத்திலிருந்து வரவழைத்தவர்களையும் வைத்து இசைக்குழு நடத்துநர் எலியாஸ்பெர்க் அதை நடத்திக்காட்டினார். அப்படிப்பட்ட படைப்பை அதே வருஷம் நியூயார்க்கில் வர்ஜில் தாம்சன் என்ற விமர்சகர் பத்திரிகையில் கிழித்துத் தொங்கவிட்டார். எனக்கு அந்த சிம்பொனி பிடிக்கும், அவரோடு ஒத்துப்போகவில்லை. ஆனாலும் நாடே எழுந்து நின்று கைதட்டும்போது, நீளம் ஜாஸ்தி, சரக்கு கம்மி என்று எழுத ஒரு ஆள் இருந்தார் என்பதும் அந்தக் காலத்தின் செய்திதான்.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது கெய்ரோ. 2013 மே மாதக் கடைசி. எகிப்தில் அதிபர் முர்சி ஆட்சி. புதிதாக வந்த கலாசார அமைச்சர் வரிசையாக ஆட்களைத் தூக்குகிறார், கெய்ரோ ஓப்பரா ஹவுஸ் தலைவர் இனாஸ் அப்தல்தாயிமும் போகிறார். அவர் புல்லாங்குழல் கலைஞர். அன்று இரவு 'அய்டா' ஓப்பரா. கெய்ரோவுக்காகவே இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி எழுதி, 1871ல் அங்கேயே முதலில் அரங்கேறியது. திரை விலகுகிறது, கலைஞர்களும் ஊழியர்களும் மேடையில் நிற்கிறார்கள், நடத்துநர் கோலை எடுக்கவில்லை. இன்று நிகழ்ச்சி இல்லை, வேலைநிறுத்தம் என்று சொல்கிறார்.

அன்று அங்கே உட்கார்ந்திருந்த இசை நிருபரை நினைத்துப் பாருங்கள். ஒரு ஸ்வரம்கூட ஒலிக்காத ஓப்பராவுக்கு விமர்சனம் எழுத வேண்டும். என்னைக் கேட்டால் அதுவும் இசைப் பக்கத்துச் செய்திதான், அரசியல் நிருபரிடம் தள்ளிவிடக் கூடாது. அந்த மேடையில் யார் யார் நிற்கிறார்கள், எந்தக் குரல் எந்த வேஷத்துக்கு ஒத்திகை பார்த்திருந்தது, இவர்கள் பாடாமல் இருப்பதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஜூனில் கலைஞர்கள் கெய்ரோவின் சமாலிக் பகுதியில் கலாசார அமைச்சகத்தை ஆக்கிரமித்து உட்கார்ந்தார்கள், வெளியே தெருவில் 'ஸோர்பா' பாலே ஆடினார்கள். தார்ச் சாலையில் பாலே! கால் என்ன ஆகும், திருப்பங்களைக் குறைத்தார்களா, ஒலிபெருக்கியில் வந்த இசைக்கு ஈடுகொடுக்க முடிந்ததா? ஆடியது வீரம் என்று எல்லாரும் எழுதலாம். ஆட்டம் எப்படி இருந்தது என்று எழுத நடனம் தெரிந்தவர் வேண்டும். சில வாரங்களில் ஆட்சியே மாறியது, இனாஸ் திரும்பி வந்தார், 2018ல் அவரே கலாசார அமைச்சரும் ஆனார். அப்புறம் அவர் ஆட்சியின் கலைக்கொள்கையை யார் எப்படி விமர்சிப்பது என்பது அடுத்த தலைவலி. தெருவில் கூட நின்று கைதட்டிய நிருபருக்கு அது சுலபமாகவா இருந்திருக்கும்?

2022ல் உக்ரைன் போர் வந்ததும் கார்டிஃப் நகர இசைக்குழு ஒன்று, ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் '1812' ஓவர்ச்சர் இருந்த ஒரு நிகழ்ச்சியை மாற்ற, உலகம் முழுக்க "சைக்கோவ்ஸ்கிக்குத் தடை" என்று தலைப்பு ஓடியது. அதே ஆண்டு அக்டோபரில், ரஷ்யர்கள் பிடித்து வைத்திருந்த கெர்சோன் நகரில் அவர்கள் ஏற்பாடு செய்த கச்சேரியை நடத்த மறுத்த யூரி கெர்பதென்கோ என்ற நடத்துநர் சுட்டுக் கொல்லப்பட்டதாக உக்ரைன் கலாசார அமைச்சகம் சொன்னது. எதற்கு எவ்வளவு சத்தம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நம்ம ஊர். சிங்கப்பூரில் இதெல்லாம் இல்லையே, இங்கே கலை வேறு அரசியல் வேறு என்பவர்களுக்கு நான் காட்டுவது விக்டோரியா கான்சர்ட் ஹால். இன்று கோட் போட்டுக்கொண்டு மோசார்ட் கேட்கிறோமே, அந்தக் கட்டடத்தில்தான் 1947ல், ஜப்பானியப் படை இங்குள்ள சீனர்களைக் கொன்ற சூக் சிங் படுகொலை வழக்கு விசாரணை நடந்தது, 1954 நவம்பரில் மக்கள் செயல் கட்சியின் தொடக்கக் கூட்டமும் நடந்தது. கான்சர்ட் ஹால் என்ற பெயரே 1979ல், சிம்பொனி இசைக்குழு தொடங்கிய வருஷத்தில்தான் வந்தது.

இங்கே கர்நாடக சங்கீதத்தைப் பற்றி எழுதுவதில் வேறு சிக்கல். சின்ன ஊர். பாடுகிற பெண்ணின் அம்மா நமக்கு வாரா வாரம் கோயிலில் பிரசாதம் கொடுக்கிறவராக இருப்பார். கொந்தளிப்பெல்லாம் சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ போன் வழியாக வரும், அரங்கத்துக்குள் ஏசி குளிரில் எல்லாரும் மரியாதையாக உட்கார்ந்திருப்போம். 2024ல் அந்த விருதுச் சண்டை சூடாக இருந்தபோது சென்னையிலிருந்து வந்த ஒரு பாடகியின் கச்சேரி, சிராங்கூன் பக்கம். காம்போதி ராக ஆலாபனை அற்புதம். அந்த ராகத்தில் விருந்தாளியாக எட்டிப்பார்க்கும் காகலி நிஷாதம் என்ற ஸ்வரத்தைப் பட்டும் படாமல் தொட்டுவிட்டு இறங்கினார், வயலின்காரர் வில்லை நிறுத்திவிட்டுச் சிரித்தார். தனி ஆவர்த்தனம் முடிந்து, சின்னப் பாட்டுகள் பாடும் துக்கடா நேரம். கூட்டத்திலிருந்து ஒரு சீட்டு மேடைக்குப் போனது. பாடகி படித்தார், நாலாக மடித்தார், தம்புரா ஓடிக்கொண்டிருந்த ஐபேடுக்கு அடியில் செருகினார். பிறகு மிருதங்கக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பட்டியலில் இல்லாத ஒரு பாரதியார் பாட்டை எடுத்தார். முதல் வரியில் சுருதி ஒரு மயிரிழை இறங்கியது. இரண்டு மணி நேரத்தில் முதல்முறையாக. சீட்டில் பெரியாரைப் பற்றிய பாட்டு கேட்டிருந்தார்களாம். ஆசையாகக் கேட்டதா, சீண்டலா, தெரியவில்லை.

நான் இரண்டையும் எழுதினேன், சீட்டையும் சுருதியையும். நான் எழுதிக்கொடுத்த இணைய இதழில் சீட்டை வெட்டிவிட்டார்கள். "தேவையில்லாத பிரச்சினை, அக்கா." சுருதி இறங்கியது மட்டும் அச்சாகியது. படித்தவர்களுக்கு ஏதோ களைப்பில் பாடியதுபோல் இருந்திருக்கும். அரசியலை வெட்டினால் இசை பிழைக்கும் என்று நினைத்தார்கள், ஆனால் வெட்டியதில் இசைபற்றிய வரியே பொய்யாகிப்போனது. பாடகியின் தோழி ஒருத்தி, "ஏங்க, அவ நிலைமை தெரிஞ்சும் இப்படி எழுதிட்டீங்களே" என்று செய்தி அனுப்பினார். என்ன பதில் சொல்ல? அடுத்த மாதத்திலிருந்து அந்த இதழுக்கு எழுதுவதை நிறுத்திவிட்டேன். அதனால்தான் இந்த வலைப்பதிவு.

இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தம்பி இங்கே விருந்தினர் பதிவு எழுத ஒப்புக்கொண்டிருக்கிறான். அவன் எழுதப்போகிற பாடகர் போன மாதம் முகநூலில் ஏதோ போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"அந்த போஸ்டைப் பத்தி எழுதணுமா அக்கா?"

"அது அரங்கத்துக்குள்ள வந்துச்சுன்னா எழுது. வரலன்னா விட்டுடு."

"வந்துச்சா வரலையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. பாடுகிறவரைப் பார்க்காதே, பக்கவாத்தியக்காரர்கள் முகத்தைப் பார் என்றேன். எந்தப் பாட்டுக்கு யார் கைதட்டவில்லை என்று பார், இடைவேளையில் கேன்டீனில் நின்று காது கொடு, மண்டபம் காலியாக இருந்தால் எவ்வளவு காலி என்று எண்ணு. ராகம் தெரியாவிட்டால் பக்கத்து மாமியைக் கேள், போனில் தேடாதே, வெளிச்சம் அடித்தால் மாமி உதைப்பார். இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அக்கா, அப்போ நான் பாட்டை எப்போ கேக்கறது?" என்கிறான். 700 சொல் போதும் என்று சொல்லியிருக்கிறேன். பையன் பேசுவதைப் பார்த்தால் 1,500 வரும்போலிருக்கிறது. வெட்டாமல் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், எழுத்துப்பிழை மட்டும் பார்ப்பேன்.