கருப்பியின் அடை

சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டனில் உள்ள எங்கள் தரைவீட்டின் பின்புறத்தில் ஆறு பெட்டைக்கோழிகளை வளர்க்கிறோம். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. தனியார் தரைவீடுகளில் விற்பனை நோக்கமின்றி 10 வரை வைத்துக்கொள்ளலாம் என்றாலும், காட்டுப் பறவைகள் நுழையாதபடி கூண்டுக்கு வலையும் கூரையும் இருக்க வேண்டும். விடியற்காலைக் கூவலை அண்டைவீட்டார் எத்தனை நாள் பொறுப்பார்கள் என்று யோசித்துச் சேவலைத் தவிர்த்துவிட்டோம். சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடும் என்பதை என் சித்தப்பா இன்றுவரை நம்ப மறுக்கிறார்.

இந்த மாதம் அவற்றில் ஒன்றான கருப்பி அடைபடுத்துவிட்டது. கருக்கூடாத முட்டையின் மேல் 21 நாள் அல்ல, 210 நாள் உட்கார்ந்தாலும் குஞ்சு பொரியாது என்பதை அதற்கு யார் சொல்வது? கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமியது. நெஞ்சடியில் இறகுகளைத் தானே பிடுங்கியிருந்ததால், தூக்கும்போது வெறுந்தோலின் சூடு உள்ளங்கையில் உறைத்தது. பாட்டியாக இருந்தால் தண்ணீரில் முக்கி எடுத்திருப்பார். எனக்கு மனம் வரவில்லை. அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில் தீனியும் தண்ணீரும் வைத்து விட்டதில், நான்காம் நாள் அடை தெளிந்து மற்றவற்றோடு மண்ணைக் கிளறத் தொடங்கியது.

முட்டை இன்னும் இடவில்லை. மழை இரவுகளில் மட்டும், கால்வாய் வழியாக மலைப்பாம்பு வந்துவிடுமோ என்ற அச்சத்தில், கூண்டின் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டே படுக்கிறேன்.