கைதச்சக்கை ஜெல்லி அச்சில் நிற்க

வேகவைக்காத கைதச்சக்கையை, அதாவது அன்னாசியை, ஜெலட்டினில் போட்டால் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தாலும் உறையாது. ஜெலட்டின் ஒரு புரதம். அன்னாசியிலுள்ள புரோமெலின் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். பப்பாளி, கிவி, அத்திப்பழமும் அப்படித்தான். ஜெலட்டினைக் கூடுதலாகப் போட்டும் பிரயோஜனம் இல்லை.

அதனால் மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது கடல்பாசிதான். கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் தருவார்கள். அதை உறைய வைப்பது புரதம் இல்லை என்பதால் இந்த நொதி ஒன்றும் செய்யாது. நம்மூர் வெக்கையும் ஒரு காரணம். ஜெலட்டின் 30 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். கடல்பாசி 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே உறைந்துவிடும், மறுபடி உருக 85 டிகிரியாவது வேண்டும். மதியச் சாப்பாட்டு மேசையில் அச்சு குலையாமல் நிற்கும்.

அளவு: கடல்பாசி இழை 10 கிராம், தண்ணீர் 500 மில்லி, இளநீர் 400 மில்லி, சர்க்கரை 120 கிராம், பொடியாக நறுக்கிய கைதச்சக்கை 200 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு.

இழையைக் கத்தரித்து அதே 500 மில்லியில் அரை மணி நேரம் ஊறவிட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். கரண்டியில் எடுத்துப் பார்த்தால் ஒரு இழைகூடத் தெரியக் கூடாது. சர்க்கரை அதன் பிறகுதான். முன்பே போட்டால் பாசி கரையத் தாமதமாகும். அடுப்பை அணைத்து, வடிகட்டி, எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளுங்கள். புளிப்போடு சேர்த்துக் கொதித்த பாசி வலுவிழந்து, கவிழ்த்ததும் உடைந்துபோகும். இளநீர் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது, ஊற்றிய இடத்திலேயே நூல்நூலாக உறையும். லேசாகச் சுடவைத்து ஊற்றுவது நல்லது.

பழத்தை உடனே கொட்டினால் எல்லாம் மேலே மிதக்கும். அச்சை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, கால்வாசி ஊற்றி, மேல்பரப்பு விரலில் ஒட்டுகிற பதத்தில் துண்டுகளை அடுக்கி, மீதியைச் சூடாகவே ஊற்றுங்கள். அடியடுக்கு முழுக்க இறுகிவிட்டால், அல்லது மேலே ஊற்றுவது ஆறிப்போனால், கவிழ்க்கும்போது இரண்டும் தனித்தனியாக வழுக்கிவிடும். காத்திருக்கும் நேரத்தில் மீதியை மிகச் சிறு தீயில் வையுங்கள்.

ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் போதும். ஓரத்தை விரலால் மெல்ல இழுத்துக் காற்று புகவிட்டு, ஈரமான தட்டில் கவிழ்த்தால் கழன்று வரும்; நடுவில் விழாவிட்டாலும் ஈரத்தட்டில் நகர்த்திக்கொள்ளலாம்.

வாயில் கரைகிற வழவழப்பு ஜெலட்டினுக்குத்தான் உண்டு, அதை மறுக்க மாட்டேன். அதுதான் வேண்டுமென்றால் துண்டுகளைச் சர்க்கரைப் பாகில் ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டால் நொதி செத்துவிடும். 900 மில்லிக்கு 20 கிராம் ஜெலட்டின் தூளைப் பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, சூடான பாகில் கரையுங்கள், கொதிக்க விடாதீர்கள். இது உறைய ஒரு ராத்திரி ஆகும். கவிழ்க்கும் முன் அச்சை வெந்நீரில் ஐந்து விநாடி முக்கி எடுக்க வேண்டும்.

கடல்பாசி ஜெல்லி மறுநாளே நீர் விடத் தொடங்கும். மூடி வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஃபிரீசரில் வைத்தால் கெட்டியெல்லாம் போய்த் தண்ணீராக ஒழுகும்.