பின் ட்ரம் பிரேக் வேலை: ஷூவை அப்புறம் பார்க்கலாம், முதலில் பேக் பிளேட்டைப் பாருங்கள்

இடது பின் சக்கரத்தில் அந்த "டக்" சத்தம் ஒருவழியாக ஒழிந்தது. புது ஷூ (ட்ரம்மின் உட்புறத்தில் அழுந்திப் பிரேக் பிடிக்கிற வளைந்த பாகம்), புது ஸ்பிரிங் செட், புது வீல் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளுவது) எல்லாம் போட்ட பிறகும் பெடலை மிதித்தால் ஒரு டக், காலை எடுத்தால் இன்னொரு டக் என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. புதிதாகப் போட்ட எந்தச் சாமானிலும் குறை இல்லை. எல்லாக் கோளாறும் யாருமே திரும்பிப் பார்க்காத பேக் பிளேட்டில், அதாவது ஷூவையும் சிலிண்டரையும் தாங்கிக்கொண்டு ட்ரம்முக்குப் பின்னால் அச்சில் பூட்டியிருக்கிற தகட்டில் இருந்தது. வலது பக்கம் இன்னும் பாதியில்தான் கிடக்கிறது, ஆனாலும் அது முடியும்வரை பொறுமை இல்லை, இதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

வண்டி எண்பதுகளில் வந்த ஜீப். பின்னால் 10 அங்குல ட்ரம், டுவோ சர்வோ வகை. ஷூ இரண்டும் கீழே எதிலும் பூட்டப்படாமல் ஸ்டார் வீல் (ஷூவின் இடைவெளியைச் சரிசெய்கிற பல் வைத்த திருகு) வழியாக ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கிற அமைப்பு. முன் ஷூ ட்ரம்மோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும், அந்தத் தள்ளு கீழே ஸ்டார் வீல் வழியாகப் பின் ஷூவுக்குப் போகும், பின் ஷூ மேலே அசையாமல் நிற்கிற ஆங்கர் பின்னில் போய் முட்டி நிற்கும். பெரும்பாலான வேலையைப் பின் ஷூதான் செய்கிறது, அதனால்தான் அதற்கு லைனிங் (ஷூவின் மேல் இருக்கிற உரசும் பட்டை) நீளம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மிதக்கிற ஷூ என்பதால் அது எதன் மேல் வழுக்கி நகர்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ட்ரம் கழற்றிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. மரை போட்ட துளை இரண்டு இருக்கிற ட்ரம்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். எம்8 போல்ட் இரண்டைப் போட்டு மாறி மாறி முடுக்கினால் ட்ரம் தானாக வெளியே வந்துவிடும். என்னுடையதில் அது இல்லை. தேய்ந்த ட்ரம்மின் ஓரத்தில் ஒரு விளிம்பு நின்றுவிடுகிறதே, அது ஷூவைப் பிடித்துக்கொண்டு வர மறுக்கும். பின்பக்கத் துளை வழியாக ஒரு மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் அட்ஜஸ்டர் லீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் ஸ்டார் வீலை எதிர்ப்பக்கம் திருப்பிச் சுருக்கினால்தான் வழி. அதைச் செய்யாமல் சம்மட்டி எடுப்பவர்கள் ட்ரம்மை உடைப்பார்கள், இல்லையென்றால் ஷூவைப் பிடிக்கிற பின்னைப் பிளேட்டோடு பிய்த்துக்கொண்டு வருவார்கள். ட்ரம் உள்விட்டம் 254 மி.மீ., அதன் மேல் பொறித்திருக்கும் உச்ச அளவு 255.5. இரண்டு ட்ரம்மும் அதற்குள் வசதியாகவே இருக்கின்றன, லேத்துக்குப் போக வேண்டியதில்லை.

உள்ளே இருக்கிற தூசியை ஏர் அடித்து ஊத வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்துத் துணியால் வழித்து எடுத்தால் போதும்.

சரி, பேக் பிளேட்டுக்கு வருவோம்.

பிளேட்டில் ஆறு இடத்தில் சின்னச் சின்ன மேடுகள் அழுத்தியிருப்பார்கள், ஷூ ஒன்றுக்கு மூன்று. ஷூவின் இரும்பு ஓரம் உட்கார்ந்து நகர்வதெல்லாம் அந்த மேடுகளின் மேல்தான். சேற்றிலும் ஆற்று மணலிலும் ஓடுகிற வண்டியில் ட்ரம்முக்குள் மணல் போகாமல் இருக்காது, அந்த மணல் கிரீஸோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடுகிறது. வருஷக்கணக்கில் ஷூ முன்னும் பின்னும் நகர்ந்து நகர்ந்து மேட்டில் பள்ளம் விழுகிறது. என் பிளேட்டில் பின் ஷூவின் நடு மேட்டில் விழுந்திருந்த பள்ளம் நகத்தடியில் தெரிகிற பிறை மாதிரி வளைந்து, பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. சுற்றிலும் எல்லாம் துருவும் கறுப்பும், அந்த ஒரு இடம் மட்டும் கண்ணாடி. பார்த்த உடனேயே திருடன் யாரென்று தெரிந்துவிட்டது.

நடப்பது இதுதான். பெடலை மிதிக்கும்போது ஷூவின் ஓரம் பள்ளத்தின் கரையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அழுத்தம் ஏற ஏற ஒரு கட்டத்தில் கரையைத் தாண்டித் துள்ளுகிறது, அது முதல் டக். காலை எடுத்ததும் ரிட்டர்ன் ஸ்பிரிங் இழுக்க, மறுபடியும் பள்ளத்தில் விழுகிறது, அது இரண்டாவது. வெறும் சத்தம்தானே என்று விட்டுவிட முடியாது. லேசாக மிதித்தால் பிரேக் பிடிக்காது, இன்னும் கொஞ்சம் மிதித்தால் திடீரென்று கவ்வும். ஈரமான சரிவில் இறங்கும்போது ஒரு பின் சக்கரம் மட்டும் அப்படிக் கவ்வினால் வண்டியின் பின்பக்கம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு ஷூ சாய்ந்து உட்காருவதால் லைனிங் ஒரு ஓரத்தில் மட்டும் தேயும்.

விரல் நகத்தை மேட்டின் மேல் இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் ஷூவும் மாட்டும். இதைவிட நல்ல சோதனைக் கருவி கிடையாது.

எல்லோரும் சொல்கிற முதல் வைத்தியம் அரம் போட்டுச் சமப்படுத்துவது. லேசான கீறலுக்கு அது சரி. ஆழமான பள்ளத்தை அரத்தால் சமப்படுத்தினால் அந்த மேடே தாழ்ந்துவிடும், மற்ற இரண்டும் உயரமாகவே இருக்கும், ஷூ மூன்று கால் முக்காலியில் ஒரு கால் குட்டையானது போலச் சாயும். ஆக வெல்டிங் போட்டு நிரப்பிவிட்டு அப்புறம் அராவுவதுதான் வழி.

அதற்கு பிளேட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அச்சில் இருக்கும்போதே வெல்டு வைத்தால் ஆயில் சீலும் சிலிண்டர் ரப்பரும் வெந்துபோகும். கழற்றிய பிளேட்டைச் சுத்தம் செய்வதில் ஒரு எச்சரிக்கை: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங் பக்கமே போகாதீர்கள். அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் வாயு வரும், அது ஆளைக் கொல்கிற விஷம். கிளீனர் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுத் தொடங்குங்கள். நான் வம்பே வேண்டாம் என்று சோப்புத் தண்ணீரும் கம்பி பிரஷ்ஷும் மட்டும் வைத்துக்கொண்டேன்.

மிக் வெல்டரைக் குறைந்த கரண்டில் வைத்து, ஒரே இழுப்பாகக் கோடு போடாமல் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். ஒரு மேட்டில் ஒரு புள்ளி, ஆறட்டும் என்று எதிர்ப்பக்க மேட்டுக்குப் போய் இன்னொரு புள்ளி. பிளேட் மெல்லிய தகடு, ஒரே இடத்தில் சூடேற்றினால் தட்டு மாதிரி வளைந்துவிடும், அப்புறம் அதை நேராக்குகிற வேலை தனிக் கதையாகும். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க வேண்டாம், வெல்டு இறுகிக் கடினமாகி அரத்தையே தின்னும்.

நிரப்பியாயிற்று, எந்த உயரத்துக்கு அராவுவது? இங்கேதான் நான் நிறைய நேரம் செலவழித்தேன், எனக்கு ரொம்பப் பிடித்ததும் இந்த இடம்தான். ஷூ மேட்டின் முழு அகலத்திலும் உரசுவதில்லை. பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் தேயாத மூலப்பரப்பு ஒரு கோடளவாவது மிச்சமிருக்கும், ஃபேக்டரியில் வைத்த உயரம் அதுதான். அதை நீல மார்க்கரால் பூசிவிட்டு, கிரைண்டரில் ஃப்ளாப் டிஸ்க் போட்டு வெல்டு புடைப்பை மட்டும் தட்டி, கடைசி அரை மில்லியை மட்ட அரத்தால் கையாலேயே இறக்கினேன். அரம் நீலத்தைத் தொடுகிற நொடியில் நிறுத்திவிட வேண்டும். அப்புறம் வெர்னியரின் ஆழம் பார்க்கும் கம்பியை வைத்து, அச்சுக் குழலில் பிளேட் உட்காரும் மட்டப்பரப்பிலிருந்து ஒவ்வொரு மேட்டுக்கும் அளவு எடுத்தேன். ஆறும் 0.2 மி.மீ.க்குள் வரும்வரை விடவில்லை. அவ்வளவு துல்லியம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம்தான். ஆனால் அரம் கையில் இருக்கும்போது அந்த ஞானம் வருவதில்லை.

எமரி தாளால் மெருகேற்றி, அதிகச் சூடு தாங்கும் பிரேக் கிரீஸை விரல் நுனியில் எடுத்து மேட்டில் ஒரு படலம் மட்டும். குழைத்து அப்பினால் மறுபடியும் மணல் ஒட்டும், உருகி லைனிங்குக்கும் போகும்.

அடுத்து சாக்பீஸ் சோதனை. லைனிங் முழுக்க சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, ட்ரம்மை மாட்டி, ஷூவை விரித்து லேசாக உரசும்படி வைத்துக் கையால் சுற்றிக் கழற்றினால் எங்கே தொடுகிறது என்று அழிந்த இடம் காட்டிக்கொடுக்கும். நடுவில் தொட்டு இரண்டு நுனியிலும் தொடாமல் இருந்தால் கவலையில்லை, ஓட ஓட உட்கார்ந்துவிடும். நுனிகளில் மட்டும் தொட்டால்தான் சனி, கீச்சிடும், கவ்வும். எனக்கு நடுவில் அகலமாக, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே சீராக அழிந்திருந்தது. மேடு சமமானதற்கு அதுவே சாட்சி.

ஸ்பிரிங் மாட்டுவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லோரும் ஒரு விரலையாவது இழந்துதான் கற்றுக்கொண்டிருப்பீர்கள். ஒரு பக்கத்தைக் கழற்றும்போது மறுபக்கத்தைத் தொடாமல் வையுங்கள், எது முன்னால் எது பின்னால் என்று சந்தேகம் வந்தால் அதுதான் வரைபடம்.

சாமான் விஷயத்தில் ஒரு புலம்பல். ஸ்டார் வீல் இரண்டும் ஒரே பாக்கெட்டில் வந்தன, ஒன்றில் இடது, மற்றதில் வலது என்று பொறித்திருந்தது. மரையைப் பார்த்தால் பொறித்தது மாறியிருக்கிறது! ஒரு பக்கத்துக்கு இடது மரை, மறுபக்கத்துக்கு வலது மரை. மாற்றிப் போட்டால் ரிவர்ஸில் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ஷூ விரிவதற்குப் பதில் சுருங்கிக்கொண்டே போகும், பெடல் நாளுக்கு நாள் கீழே இறங்கும். எழுத்தை நம்பாதீர்கள், பழையதைப் பக்கத்தில் வைத்து மரையை ஒப்பிடுங்கள். ஷூவும் சளைத்ததல்ல: ஹேண்ட் பிரேக் லீவரில் இருக்கிற பின் (pin) நுழைய வேண்டிய துளை பெயின்ட்டால் பாதி அடைத்திருந்தது, உருண்டை அரத்தால் சுரண்ட வேண்டியதாயிற்று. இதற்கெல்லாம் புது பேக் பிளேட்டே வாங்கியிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தகடு மெல்லிசு, மேடு இருக்கிறதா இல்லையா என்று தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நிரப்பின பழையது ஆயிரம் மடங்கு மேல்.

பின்னால் டிஸ்க் மாற்றிவிடு என்பது இன்னொரு கூட்டம். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், சேற்றில் அது சீக்கிரம் சுத்தமாகும், உண்மைதான். ஆனால் ட்ரம்முக்கென்று லைனில் ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற வால்வு இருந்தால் அதை எடுக்காமல் டிஸ்க் போட்டால் பேட் எந்நேரமும் உரசும், முன்பின் அழுத்தப் பங்கீட்டையும் மாற்ற வேண்டும், ஹேண்ட் பிரேக்குக்கு வேறு தனி ஏற்பாடு. சரிவில் நிறுத்தும்போது டுவோ சர்வோ ட்ரம்மின் ஹேண்ட் பிரேக் பிடிக்கிற பிடியை விட்டுக்கொடுக்க மனமில்லை. அதற்கு முன்னால் பைப் முழுவதையும் செம்பு நிக்கல் பைப்பாக மாற்றுவதுதான் திட்டம், பைப் முனையை இரட்டையாக மடித்து விரிக்கிற டபுள் ஃப்ளேர் கருவியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பைப் என்றதும் வலது பக்கம் ஞாபகம் வருகிறது. அங்கே வீல் சிலிண்டர் நட்டு பைப்போடு துருவில் ஒட்டிக்கொண்டு, நட்டைத் திருப்பினால் பைப்பும் சேர்ந்து முறுக்குகிறது. ஃப்ளேர் நட் ஸ்பேனர் இல்லாமல் சாதாரண ஸ்பேனர் போட்டிருந்தால் முனை எப்போதோ மழுங்கியிருக்கும். துரு நீக்கி ஊற்றி ஊறவிட்டிருக்கிறேன், அதையும் மீறினால் பைப்பை வெட்டிவிடுவேன், எப்படியும் மாற்றத்தானே போகிறோம்.

அந்தப் பக்க ஷூவில் ஆயிலும் இருந்தது. முகர்ந்தாலே தெரிகிறது, பிரேக் ஆயில் இல்லை, கியர் ஆயில். அச்சு சீல் போய்விட்டது. சீலை மட்டும் மாற்றினால் மறுபடியும் போகும், டிஃபரன்ஷியல் மேலே இருக்கிற பிரீதர் என்கிற காற்றுத் துளை சேற்றால் அடைத்திருந்தால் உள்ளே சூடாகும் காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். பிரீதரைக் கழற்றி ஊதிப் பார்த்தேன், கல் மாதிரி அடைப்பு. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயைச் சேசிஸுக்கு மேலே கொண்டுபோய்விட்டால் தண்ணீரில் இறங்கும்போதும் தொல்லை இல்லை. ஆயில் ஊறிய லைனிங்கைச் சுட்டுச் சுத்தம் செய்யலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வலது பிளேட்டில் நடு மேடு மட்டுமல்ல, மேலே உள்ளதும் பள்ளம், இடதைவிட மோசம். சீல் வந்ததும் பிளேட்டை இறக்கி வெல்டு வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, அதாவது ஏர் எடுப்பது. பழைய ஆயில் எவ்வளவு தண்ணீர் இழுத்ததோ தெரியவில்லை, புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் நிற்க வேண்டியது, தண்ணீர் இழுத்துவிட்டால் 155-க்கு இறங்கிவிடும், எனவே மொத்தத்தையும் வடித்துவிடப் போகிறேன். சரக்குக்கேற்ப அழுத்தம் மாற்றும் வால்வு பின் அச்சோடு இணைத்திருக்கிற வண்டி வைத்திருப்பவர்கள் ஏர் எடுக்கும்போது ஸ்டாண்டைச் சேசிஸுக்குக் கீழே வைக்காமல் அச்சுக்குக் கீழே வையுங்கள். அச்சு தொங்கினால் வால்வு வண்டி காலி என்று நினைத்துப் பின்னால் போகிற ஆயிலைக் குறைத்துவிடும், ஏர் எடுக்கிற நிப்பிளில் சொட்டு சொட்டாகத்தான் வரும்.

ஹேண்ட் பிரேக் கேபிள் இப்போதைக்கு முழுக்கத் தளர்த்தித்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஷூ அட்ஜஸ்ட் ஆன பிறகே அதைத் தொடுவேன்.