சுல்தான் வீட்டு வாளும் என் லென்ஸும்

மணிலாவில் வேலை பார்த்தபோது வாங்கிய கிரிஸ் ஒன்று வீட்டில் இருக்கிறது. தென் பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களான மோரோக்களின் நெளிவாள். "இருநூறு வருஷம் பழசு சார், சுல்தான் வீட்டுச் சாமான்" என்றார் கடைக்கார அம்மா. காக்கட்டூக் கிளியின் தலை மாதிரி மரக்கொண்டை, பிடியில் வெள்ளிக் கம்பிச் சுற்று. மயங்கிவிட்டேன். முப்பது வருஷம் டூல் ரூமில் குப்பை கொட்டியவன், பேரம் பேசும் முன் அலகைப் பார்த்திருக்க வேண்டாமா!

அலகு பிடியோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் அகன்று, ஒரு பக்கம் யானைத் துதிக்கை மாதிரி சுருண்டிருக்கும். அந்த மேல்பகுதிக்கு கங்யா என்று பெயர். பழைய வாள்களில் இது தனி இரும்புத் துண்டு. பிடிக்குள் நுழையும் அலகின் வால்கம்பியில் கோத்து அலகின் மேல் உட்கார வைத்திருப்பார்கள். சேகரிப்பவர்கள் வயசு பார்ப்பது இந்தப் பொருத்துக் கோட்டை வைத்துத்தான். 18ஆம் நூற்றாண்டு என்றால் கோடு ஏறக்குறைய நேராக ஓடும். 19ஆம் நூற்றாண்டு என்றால் கோட்டின் முனை சாய்ந்து திரும்பும். 1930களுக்குப் பிந்தியவற்றில் பெரும்பாலும் எல்லாம் ஒரே இரும்பு, கோடு சும்மா கீறியது.

வீட்டுக்கு வந்து பத்து மடங்கு லென்ஸை வைத்தேன். கோடு விளிம்புவரை போகவே இல்லை, பாதியில் மங்கி நின்றுவிட்டது. அடியில் உளித்தடம் பளிச்சென்று தெரிந்தது. மனசு கேட்காமல் கலமான்சி என்ற அந்த ஊர்ச் சின்ன எலுமிச்சையைப் பிழிந்து அலகில் தடவினேன். இரும்பை மடித்து மடித்து அடித்திருந்தால் மரத்தின் ரேகை போல வரிகள் எழும்பும். எனக்கு வந்தது ஒரே சாம்பல் நிறம். ஜீப்பின் லீஃப் ஸ்பிரிங்காக இருந்திருக்கும்.

ஊர் கண்டுபிடிப்பது வேறு கதை. பாரோங் என்ற இலை வடிவ வாள் என்றால் தெற்கே சூலு, பசிலான் தீவுகள் பக்கம். அங்குள்ள தவுசுக், யாக்கான் இன மக்களுடையது. முனைக்குப் போகப் போக அகலமாகி, பிடி வாயைப் பிளந்தது போல இருந்தால் அது கம்பிலான் என்ற வாள். மகிந்தனாவோ, மரனாவோ என்ற இரண்டு இன மக்களுடையது. கிரிஸ் எல்லா இடத்திலும் உண்டு. அலகு கைமாறும், பிடி மாறும், உறை மாறும். சூலு அலகுக்கு மரனாவோ மக்களின் ஊரான லனாவோ பிடி போட்டு விற்பார்கள். சூலுவில் மோரோக்களோடு நடந்த 1906 புத் தஜோ, 1913 புத் பக்சாக் மலைச் சண்டைகளில் அமெரிக்கச் சிப்பாய்கள் எடுத்துப்போனவற்றில், சீட்டு ஒட்டிய வாள் கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்த வருஷத்துக்கு முந்தியது என்பதாவது நிச்சயம்.

போன மாசம் பிடியைச் சூடுகாட்டிக் கழற்றினேன். துளை வால்கம்பியைவிட நல்ல பெரிசு. இடைவெளியில் அரிசிச் சாக்கின் பிளாஸ்டிக் இழையைத் திணித்திருந்தார்கள். ஆனால் மரம் உள்ளே கறுத்து, கொண்டையின் அடிப்பக்கம் சுண்டுவிரல் பட்டுப் பட்டுக் குழிந்திருந்தது. அது என் விரலுக்குச் சின்னது. பிடி மட்டும் நிஜமாகவே பழசு.